உலையில் உருகிய மன்னன்

ஒலிவர் வொல்கொற் என்பார் விட்டுச் சென்ற காகிதங்களுள் சிறு கணக்குக் குறிப்பு ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றும் இங்கிலாந்தின் ஆட்சியை உதறிய 1776ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றைப் பற்றியது அது. பால்கணக்கு எழுதுவது போலப் பெயர் ஒருபுறம், தொகை ஒருபுறம். திருமதி மார்வின் 6,058. ரூத் மார்வின் 11,592. லோரா 8,378. மேரி ஆன் 10,790. பிரெடரிக் 936. திருமதி பீச் 1,802. வேறு பலர் சேர்ந்து செய்தவை 2,182. அபாய வேளையில் லிச்பீல்ட் ஊர்ப்படைக்குக் கொடுத்தவை 50. கேணல் விகிள்ஸ்வேர்த்தின் படைப்பிரிவுக்குக் கொடுத்தவை 300. ஆகத் தொகை 42,088. கூட்டிப் பார்ப்போர் அதிற் பிழை காணார்.

எண்ணப்பட்டவை துவக்குக் குண்டுகள். அவற்றுக்கு மூலப்பொருளாய் அமைந்தது இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஜோர்ஜின் சிலை. வார்த்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும். பட்டியலிற் காணப்படும் மேரி ஆனுக்கு அப்போது வயது 11, பிரெடரிக்குக்கு 8.

சிலை வீழ்ந்த கதையை வரலாற்று நூல்கள் விரும்பிச் சொல்லும். ஓவியர்களும் அதனைப் பலகாலும் தீட்டியுள்ளனர். கயிறு, கூட்டம், ஆரவாரம், சாய்ந்துவரும் குதிரை என ஓவியத்துக்கு வேண்டிய யாவும் அதில் உள. ஆயின் சிலை வீழ்ந்தது ஒரு மாலைப்பொழுதில். அதனைக் குண்டாக்கியதோ பல நாள் வேலை. புகையும் வெப்பமும் பொறுமையும் கலந்த அந்த வீட்டு வேலையை ஓவியர் எவரும் அத்துணை ஆர்வத்தோடு நாடியதாகத் தெரியவில்லை. அவ்வேலையையே ஈண்டுச் சற்று விரித்து நோக்குவோம்.

சிலை எழுந்த வரலாறே விந்தையானது. 1765இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் குடியேற்றங்களின் மீது முத்திரை வரியை விதித்தது. பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு முதலிய யாவற்றுக்கும் வரி. மக்கள் கொதித்தெழுந்தனர். 1766இல் வரி நீக்கப்பட்டது. அந்நன்றியைக் காட்டுமுகமாக நியூயோர்க் சட்டசபை மன்னனுக்கு ஒரு சிலையும், வரியை நீக்குமாறு வாதாடிய வில்லியம் பிற்றுக்கு ஒரு சிலையும் எடுப்பித்தது. மன்னனின் சிலையை இலண்டன் சிற்பி ஜோசப் வில்ற்றன் வடித்தார். குதிரைமேல் அமர்ந்த கோலம். உரோமப் பேரரசன் மார்க்கஸ் ஒரேலியசின் சிலையே அதற்கு மாதிரி. 1770இல் நகரின் தென்முனையிலுள்ள பௌலிங் கிறீன் என்னும் சிறு புற்றிடலில் அது நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு அதனைச் சுற்றி இரும்பு வேலியும் இடப்பட்டது.

வெயிலில் தகதகத்த அச்சிலையைப் பொன் என்றே எவரும் மயங்கியிருப்பர். பொன் மேற்பூச்சே, உள்ளே இருந்தது காரீயம். அதன் நிறை ஏறத்தாழ 4,000 இறாத்தல் என்பர். அக்காலத்து இங்கிலாந்தில் தோட்டங்களிலும் மாளிகை முற்றங்களிலும் நிற்கும் சிலைகளை ஈயத்தில் வார்த்தல் பெருவழக்கு. மலிவு, எளிமை, மழைக்குத் துருப்பிடியாமை என அதற்குக் காரணங்கள் பல. வெண்கலத்தில் வார்த்திருப்பின் மன்னன் பீரங்கியாகியிருப்பான். ஈயத்தில் வார்த்தமையால் குண்டானான்.

1776 ஜூலை 4ஆம் நாள் பிலடெல்பியாவிற் கூடிய மாநாடு சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றது. ஜூலை 9ஆம் நாள் மாலை, நியூயோர்க்கில் நின்ற படைகளின்முன் வொஷிங்டனின் கட்டளைப்படி அது படிக்கப்பட்டது. மன்னன் இழைத்த கொடுமைகளை ஒவ்வொன்றாய் அடுக்கிச் சொல்லும் பகுதியே அப்பிரகடனத்தின் பெரும்பகுதி. அதைக் கேட்ட கூட்டம், படையினரும் ஊராருமாகப் பௌலிங் கிறீனுக்கு விரைந்தது. கயிறு கட்டி இழுத்தனர். நன்றிக்காக எழுந்த சிலை ஆறே ஆண்டில் மண்ணில் வீழ்ந்தது. மறுநாள் வொஷிங்டன் விடுத்த ஆணையில், செய்தோரின் நாட்டுப்பற்றை ஐயுறவில்லையெனினும், அச்செயல் கலகத்தின் தோற்றமும் ஒழுங்கின்மையும் உடையது என்றும், இத்தகைய காரியங்களை இனி உரிய அதிகாரத்தினருக்கு விட்டுவிடுக என்றும் கடிந்துரைத்தார்.

கடிந்துரைத்தாலும், வீழ்ந்த ஈயத்தை வேண்டாமென எவரும் சொல்லவில்லை. படைக்கு ஈயம் அருமையாயிருந்த காலம் அது. இங்கிலாந்திலிருந்து வந்த பண்டம் இங்கிலாந்தோடு போர் மூண்டபின் எங்ஙனம் வரும்? யன்னற் கதவை ஏற்றி இறக்க உள்ளே தொங்கவிடும் ஈயப் பாரங்களையும் கழற்றி எடுத்துத் திரட்டினர். அந்நிலையில் 4,000 இறாத்தல் ஈயம் ஒரே இடத்திற் கிடந்தது புதையலுக்கு ஒப்பானது. நியூயோர்க்கின் அஞ்சல் அதிபராயிருந்த எபனீசர் ஹசார்ட், தளபதி கேற்சுக்கு எழுதிய கடிதத்தில், மன்னனின் படையினர்மேல் உருகிய மன்னனே பாயப்போகின்றான் என்னும் கருத்துப்பட எள்ளி எழுதினார்.

நியூயோர்க்கிலோ உலை மூட்ட வசதியில்லை. பிரித்தானியக் கப்பற்படை துறைமுகத்தின் வாயிலில் வந்து நின்றது. ஆகவே துண்டாடப்பட்ட சிலை கடல்வழியே கொனெற்றிக்கற் கரைக்கும், அங்கிருந்து மாட்டு வண்டிகளில் உள்நாட்டு மேட்டுநிலமாகிய லிச்பீல்ட் ஊருக்கும் கொண்டு செல்லப்பட்டது. 1816இல் யாழ்ப்பாணம் வந்து பள்ளிகளை நிறுவிய அமெரிக்க மிசனரிமார் புறப்பட்ட நியூ இங்கிலாந்து நிலப்பரப்பின் ஒரு பகுதியே இந்தக் கொனெற்றிக்கற். லிச்பீல்டில் இருந்தது வொல்கொற்றின் வீடு. அவர் மருத்துவம் கற்றவர், ஊர்ப்படைத் தலைவர், பின்னர்ப் பிரகடனத்திற் கையொப்பமிட்டோருள் ஒருவர். வீட்டை அடுத்த அப்பிள் தோட்டத்தில் ஒரு கொட்டில் போடப்பட்டது. விறகு பிளக்கும் கோடரியாலேயே தந்தை ஈயத்தைத் துண்டுதுண்டாய் வெட்டினார் என்றும், பெண்பிள்ளைகள் குண்டு வார்த்தலைக் கொண்டாட்டமாகவே எண்ணி மகிழ்ந்தனர் என்றும் பிரெடரிக் முதியவனானபின் நினைவுகூர்ந்ததாகக் குடும்பத்தார் வழங்கும் செய்தி.

முன்வாயால் மருந்திடும் துவக்கை நம்மவர் அறியாதவரல்லர். வன்னியில் இடியன் துவக்கு என வழங்குவது அவ்வினத்ததே. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, அடைப்பை வைத்து, குண்டையோ சன்னத்தையோ இட்டு, நெடுங்கம்பியால் இடித்து இறுக்குவதாற் போலும் அதற்கு அப்பெயர் வந்தது. போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வந்தபின் இங்கும் துவக்குச் செய்யும் கொல்லர் தோன்றினர். கண்டி அரசின் துவக்குகள் அவற்றின் சித்திர வேலைப்பாட்டுக்காக இன்றும் அரும்பொருட்சாலைகளிற் போற்றப்படுகின்றன.

இவ்வகைத் துவக்குக்கு மருந்து வேறு, குண்டு வேறு. குழலுக்குக் குழல் அளவும் வேறு. கொல்லன் கையாற் செய்த ஒரு குழலுக்குப் பொருந்தும் குண்டு இன்னொன்றின் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். ஆகையால், உட்புறத்தே சுருள்வரி வெட்டிய நீண்ட துவக்கை எல்லைப்புறக் குடியானவனுக்குச் செய்துகொடுத்த கொல்லன், அதற்கே உரிய குண்டச்சொன்றையும் உடன் செய்துகொடுப்பான். அச்சைத் தொலைத்தவனுக்குத் துவக்கு வெறும் தடி.

அந்த அச்சின் உருவை நம் வாசகர்க்கு விளக்குதல் எளிது. பாக்குவெட்டியை நினைத்துக்கொள்க. இரு கைப்பிடி, ஒரு முனையில் ஆணி. பாக்கை வைக்கும் இடத்தில் இரண்டு இரும்புக் கட்டிகள்; ஒவ்வொன்றினும் பாதிக் கோளமாய்க் குடைந்த ஒரு குழி. கைப்பிடியை நெருக்கினால் இரு பாதியும் பொருந்தி முழுக்கோள வெற்றிடம் உள்ளே அமையும். மேலே ஈயம் ஊற்ற ஒரு சிறு துவாரம். பல அச்சுகளிற் கைப்பிடிகளுக்கு இடையிலேயே ஒரு வெட்டுவாயும் உண்டு. அதன் பயன் பின்னர்த் தெரியும். படைகளுக்கென வார்க்கும்போது ஒரே வரிசையிற் பல குழிகள் அமைந்த பித்தளை அச்சுகளையும் பயன்படுத்தினர். சில இடங்களில் மாக்கல்லிற் குடைந்த அச்சுகளும் இருந்தன.

இனி, உலை. இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். செம்புக்கு 1,085 வேண்டும். ஈயத்துக்கு 327 போதும். துருத்தியும் வேண்டா, கொல்லனும் வேண்டா. விறகடுப்பும் இரும்புச் சட்டியும் இருந்தால் ஈயம் உருகிவிடும். ஆயுதத்துக்குரிய உலோகங்களுள் அடுக்களைக்குள் நுழைய வல்லது இஃது ஒன்றே எனலாம். லிச்பீல்டில் நிகழ்ந்ததன் இரகசியம் இந்த எண்ணில் அடங்கியுள்ளது. வாளை அடிக்க ஆண்களின் தோள் வேண்டும். துவக்குக் குழலைச் செய்ய ஆண்டுக்கணக்கிற் பழகிய கை வேண்டும். குண்டை வார்க்க ஒரு சிறுமியே போதும்.

சட்டியில் உருகிய ஈயம் முதலில் வெள்ளிபோல் ஒளிரும். சற்றுநேரத்தில், காய்ச்சிய பாலின்மேல் ஆடை படர்வதுபோல் அதன்மேற் சாம்பல்நிற ஏடு படியும். அது காற்றோடு கலந்து கெட்ட ஈயம். பழக்கமில்லாதவர் அதை வழித்து எறிந்துவிடுவர். பழகியவரோ விலங்குக் கொழுப்பையோ தேன்மெழுகையோ பாக்களவு கிள்ளி உள்ளே இடுவர். குப்பென்று புகை எழும். சிலவேளை தீயும் பற்றும். அகப்பையால் அடிவரை கிளறினால், கெட்ட ஈயத்தின் பெரும்பகுதி மீண்டும் நல்ல ஈயமாகி உள்ளே கலந்துவிடும். மண்ணும் சாம்பலும் பொருக்காய் மிதக்கும். அதை மட்டும் வழித்தெடுத்தாற் போதும். ஈயம் அரிதாயிருந்த அந்நாளில் இந்த நுட்பத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். நம் கரையோரங்களில் வலைக்குப் பாரம் வார்ப்பதைப் பார்த்தவர்க்கும் இது புதிதன்று.

வெப்பத்தை அளக்க அன்று கருவி இல்லை. மெல்லிய மரக்குச்சி ஒன்றை உருகிய ஈயத்தில் அமிழ்த்தி எடுப்பர். குச்சி நிறம் மாறாவிட்டால் வெப்பம் போதாது, பழுப்பாய்க் கருகினால் பதம், தீப்பற்றினால் மிகை. அச்சுக்கும் பதம் உண்டு. ஆறிய அச்சில் ஊற்றிய முதற்குண்டு உலர்ந்த நெல்லிக்காய்போற் சுருங்கி வரும். இரண்டாவதும் மூன்றாவதும் சற்றுத் தேறும். அச்சு சூடேறும் வரை வந்தவை யாவும் திரும்பச் சட்டிக்கே போகவேண்டும். மிகச் சூடேறினாலோ குண்டின் மேனி பனி பூத்தாற்போல் மங்கிவிடும். அப்போது அச்சைச் சிறிது ஆறவைக்க வேண்டும். குழியில் ஈயம் ஒட்டாதிருக்க, மெழுகுதிரிச் சுவாலையைக் காட்டி உட்புறத்தைக் கரிபிடிக்கச் செய்வதும் உண்டு.

ஊற்றும் கையிலேதான் திறமை. நடுவில் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாய், துவாரம் நிரம்பி மேலேயும் சிறிது தேங்கும் வரை ஊற்றவேண்டும். மேலே தேங்கும் அந்த மிச்சத்தை வீண் எனக் கருதிக் குறைத்தவர் கெட்டார். ஈயம் ஆறும்போது சுருங்கும்; சுருங்கும்போது மேலே நிற்கும் மிச்சத்திலிருந்து உருகிய ஈயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்க ஒன்றுமில்லையாயின் குண்டின் வயிற்றில் ஒரு பொள்ளல் விழும். வெளியே பார்த்தால் மாசற்ற உருண்டை; எறிந்தால் வழி தவறும். நிறுத்துப் பார்த்தாலன்றி அக்குற்றம் வெளிப்படாது. துப்பாக்கிப் பந்தயங்களுக்கு இன்றும் பழைய முறையிற் குண்டு வார்ப்போர் ஒவ்வொன்றையும் தராசில் இட்டு நிறுப்பது இதன்பொருட்டே.

ஈயம் இறுகியதும் அச்சைத் திறந்து தட்டினால் குண்டு விழும். மடித்த துணியில் விழவேண்டும். சூடான ஈயம் மிக மென்மையானது, கல்லில் விழுந்தால் நசியும். விழுந்த குண்டின் தலையில் ஊற்றிய துவாரத்தின் வடிவில் ஒரு காம்பு நிற்கும். முன்னே சொன்ன வெட்டுவாய் அதை நறுக்குவதற்கே. நறுக்கிய காம்பு மீண்டும் சட்டிக்குப் போகும். குண்டின் தலையில் எஞ்சும் சிறு தட்டையான இடம், அது கையால் வார்த்தது என்பதற்குச் சான்றாய் நிற்கும். பழைய போர்க்களங்களைத் தோண்டுவோர் அத்தழும்பைக் கண்டு வார்ப்பு முறையை உணர்வர்.

இவை எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது நீர். உருகிய ஈயத்தின்மேல் ஒரு துளி விழுந்தால் சீறிவிட்டு மறையும். ஆயின் மழையில் நனைந்த ஓர் ஈயத்துண்டைச் சட்டிக்குள் அமிழ்த்தினாலோ, அடியிற் சிக்கிய நீர் கணத்தில் ஆவியாகிச் சட்டியிலுள்ளதைச் சுற்றி நிற்போர் முகத்தில் வாரி இறைக்கும். அப்பிள் தோட்டத்துக் கொட்டிலில் எட்டு வயதுச் சிறுவனும் நின்றான் என்பதை இவ்விடத்தில் நினைக்காதிருக்க இயலவில்லை.

அளவு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு குழலின் வாய் எத்துணைப் பெரிது என்பதை அக்காலத்தவர் அங்குலத்தில் மட்டும் கூறவில்லை. அவ்வாய்க்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஓர் இறாத்தலுக்கு எத்தனை நிற்கும் என்றே கணக்கிட்டனர். பன்னிரண்டு உருண்டை ஓர் இறாத்தலாயின் அது பன்னிரண்டாம் அளவு. நம் நாட்டில் வேட்டைக்காரனும் வயற்காவற்காரனும் 12 போர் எனச் சொல்லும் துவக்கின் பெயர் இவ்வாறு வந்ததே. அதில் இன்று இடப்படுவது ஈய உருண்டையன்று, ஆலையிற் செய்த தோட்டா. ஆயினும் பெயர் மட்டும் அந்த அடுக்களைத் தராசை விட்டு நீங்கவில்லை. எண் பெருகப் பெருகக் குழல் சிறுத்தல் ஏன் என மயங்கும் மாணவர்க்கும் இதுவே விடை.

பிரித்தானியப் படையின் துவக்குக் குழல் ஏறத்தாழ முக்கால் அங்குலம். குண்டோ அதனினும் சிறிது குறைவு. சில முறை சுட்டதும் குழலின் உட்புறத்தே மருந்தின் கரி படிந்து வழி ஒடுங்கிவிடுமாதலின், இறுக்கமான குண்டு போரிடையே உள்ளே இறங்காது. அத்தகைய குண்டு இறாத்தலுக்குப் பதினான்கு முதல் பதினாறு வரை நிற்கும். இக்கணக்கின்படி லிச்பீல்டின் 42,088 குண்டுகளுக்குச் சென்ற ஈயம் ஏறத்தாழ 2,600 முதல் 3,000 இறாத்தல். சிலையோ 4,000 என்பர். மீதிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு குண்டுக்கு ஒரு நிமிடம் எனக் கொண்டால், மேரி ஆனின் 10,790 குண்டுகளுக்கு ஏறத்தாழ 180 மணி நேரம் ஆகும். நாளுக்கு எட்டு மணியாயின் இருபத்திரண்டு நாட்களுக்கு மேல். பல குழி அச்சு இருந்திருப்பின் நாட்கள் குறையும். தாளைச் சுருட்டித் தோட்டா கட்டிய வேலையையும் சேர்த்தால் கூடும். எவ்வாறாயினும், பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி தன் கோடைகாலத்திற் பெரும்பகுதியை ஒரு மன்னனை உருக்குவதிற் கழித்தாள்.

அவ்வுலையின் புகை அவளை என் செய்தது? ஈயம் நஞ்சு. குழந்தைகளுக்கு எவ்வளவு சிறிய அளவும் தீங்கற்றது என இன்றைய மருத்துவம் ஒப்பாது. மூளை வளரும் பருவத்தில் அது செய்யும் கேடு மீளாதது. இக்காலத்தில் வீட்டில் ஈயம் வார்ப்போர் திறந்த வெளியை நாடுவதும், கையைக் கழுவாமல் உணவைத் தொடாதிருப்பதும், சிறுவரை அருகே விடாதிருப்பதும் இதனாலேயே. 1776இல் இவ்வறிவு முற்றாக இல்லாமற் போகவில்லை என்பதே வியப்பு. பென்ஜமின் பிராங்கிளின் 1786இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஈயத்தின் தீங்குகளைத் தொகுத்துரைத்துள்ளார். 1724இல் இலண்டன் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோத்தபோது, கழுவிய அச்செழுத்துகளை நெருப்பின்முன் சாய்த்து உலர்த்தும் வழக்கத்தைத் தாமும் பின்பற்றியதாகவும், வெம்மையான எழுத்துகள் குளிர்காலத்திற் கைக்கு இதமாயிருந்ததாகவும், முதிய தொழிலாளி ஒருவர் அதைக் கண்டு, அவ்வாறு செய்தால் கைகள் வழங்காமற் போகும் என எச்சரித்ததாகவும் அவர் எழுதுகின்றார். பயனுள்ள உண்மையொன்று தெரியவந்தபின் உலகம் அதை ஏற்று ஒழுக எத்தனை காலம் செல்கின்றது என்பதே அவர் அக்கடிதத்திற் பட்ட கவலை.

அச்செழுத்தும் ஈயமே என்பது இவ்விடத்திற் கருதத்தக்கது. தூய ஈயம் நகம் பட்டாற் கீறுபடும் மென்மையுடையது. குண்டுக்கு அது நன்று. எழுத்துக்கோ கூர்மை வேண்டும். ஆதலால் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்து அதனை வன்மைப்படுத்துவர். நம் நாட்டுப் பத்திரிகைகளும் நூல்களும் தலைமுறை தலைமுறையாய் அந்த ஈய எழுத்திலேயே அச்சாகி வந்தன. சுதந்திரப் பிரகடனமும் அவ்வாறே ஜூலை 4ஆம் நாள் இரவு பிலடெல்பியாவில் ஜோன் டன்லப்பின் அச்சகத்திற் கோக்கப்பட்டது. அங்கு அச்சான தாள்களுள் ஒன்று வொஷிங்டன் கைக்கு வந்தது. ஈயத்திற் கோத்த சொல் ஈயத்தில் வார்த்த மன்னனை வீழ்த்தியது; வீழ்ந்த மன்னன் ஈயக் குண்டானான். கற்பனையாய் ஒருவர் எழுதியிருப்பின் இது மிகைபடப் புனைந்தது என்றே நாம் தள்ளியிருப்போம்.

அக்கணக்குக் குறிப்பைப் படிப்போர் இன்னொன்றையும் காண்பர். சிலையை இழுத்து வீழ்த்தியவர்கள் வரலாற்றிற் பெரும்பாலும் ‘கூட்டம்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட்டனர். வார்த்தவர்களுக்கோ தனித்தனிப் பெயர் உண்டு. பெயருக்கு நேரே எண் உண்டு. அக்காலத்துப் பெண்களின் உழைப்பு இத்துணைத் துல்லியமாய் எழுதி வைக்கப்பட்டது அரிது. சமைத்த சோறும் நூற்ற நூலும் எவர் கணக்கிலும் ஏறவில்லை. குண்டு வார்த்தபோதுதான் அவர்கள் கணக்கில் ஏறினர். இதனைப் பெருமை என்பதா, வேறென்ன என்பதா? நாட்டுப்பற்றின் எடுத்துக்காட்டாகவே இக்கதையை அமெரிக்கப் பாடநூல்கள் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்து வந்துள்ளன. பிரெடரிக்கின் 936 அக்கதையிற் புன்னகைக்குரிய ஓர் எண். எட்டு வயதில் அவ்வளவு செய்தானே என்பர். ஒவ்வொரு குண்டும் ஒரு மனிதனை நோக்கிச் செல்வதற்காகவே வார்க்கப்பட்டது என்ற எளிய செய்தி அங்கு பேசப்படுவதில்லை. 2009 வரை நெடும்போரைக் கண்ட நம் நாட்டில், போர் பிள்ளைகளின் கையில் எதையெதைக் கொடுக்கும் என்பதை விளக்கவேண்டிய தேவை இல்லை. கொண்டாட்டம் என்ற சொல்லை நாம் அத்துணை எளிதாக வாசித்துச் செல்லவும் இயலாது.

அப்பிள்ளைகள் வாழ்ந்தார்கள்; நன்றாகவே வாழ்ந்தார்கள். மேரி ஆன், பின்னாளிற் காங்கிரசில் இடம்பெற்ற சோன்சி குட்ரிச்சை மணந்தாள். பிரெடரிக் நீதிபதியானான். தந்தை கொனெற்றிக்கற்றின் ஆளுநராகி, அப்பதவியிலிருந்தபடியே 1797இற் காலமானார். வீட்டில் வார்க்கும் தொழிலும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1782இல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாற்ஸ், உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடைவழியே வீழ்த்தி நீரில் ஏந்திச் சன்னம் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். விழும்போதே துளி உருண்டையாகிவிடும், அச்சே வேண்டா. அடுத்த நூற்றாண்டிற் கூர்முனைக் குண்டும், பின்வாயால் இடும் துவக்கும், ஆலைத் தோட்டாவும் வந்தபின் பாக்குவெட்டி அச்சு பரணுக்குப் போயிற்று.

மீதி ஈயத்தின் கதை எஞ்சியுள்ளது. மாட்டு வண்டிகள் லிச்பீல்டுக்குச் செல்லும் வழியில் வில்ற்றன் என்னும் ஊர் உண்டு; சிற்பியின் பெயரும் அதுவே என்பது தற்செயல். அங்கே மன்னன்பால் அன்பு மாறாத குடிகள் சிலர் துண்டுகளைக் கவர்ந்து சேற்றிலும் வயலிலும் ஒளித்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. அது வெறும் கதையன்று என்பதை 19ஆம் நூற்றாண்டில் அவ்வூர்ச் சதுப்புநிலம் காட்டியது. குதிரையின் வால் உட்படப் பல துண்டுகள் அங்கு அகப்பட்டன. வால் இன்று நியூயோர்க் வரலாற்றுச் சங்கத்தின் காட்சிச்சாலையில் உள்ளது. மன்னனின் தலையைப் பிரித்தானியப் பொறியியலதிகாரி ஜோன் மொன்ற்றெசர் மீட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1777இல் இலண்டனில் ஒரு பிரபுவின் வீட்டில் அதைக் கண்டதாக மசசூசெற்சின் முன்னாள் ஆளுநர் ஹச்சின்சன் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அதன்பின் அதைக் கண்டவர் எவருமிலர். பீடத்துச் சலவைக்கல் ஒன்று, 1783இல் இறந்த பிரித்தானியப் படையதிகாரி ஒருவரின் கல்லறைக் கல்லாயிற்று. 1771இல் இட்ட இரும்பு வேலி இன்றும் பௌலிங் கிறீனைச் சுற்றி நிற்கின்றது. அதன் தூண்களின் உச்சியை அலங்கரித்த உருக்கள் அறுத்தெடுக்கப்பட்டன. அறுத்த இடம் இன்றும் கரடுமுரடாய்க் கைக்குத் தட்டுப்படும். 1991இல் வில்ற்றனில் இன்னொரு துண்டு கிடைத்தது. மணிக்கட்டோடு கூடிய ஓர் இடக்கை அது.